முப்பதுக்குக் கீழே போகாத கார்

1

பாம்ம்ம்ம்ம்!

காதுக்குப் பக்கத்தில் யாரோ தகரத்தைக் கிழித்ததுபோல் இருந்தது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். உள்ளொளி, தூண்டுதல், கனவில் வந்த வரி என்று எதுவும் கிடையாது. ஆன்யாங் நகரத்தின் ஆறாம் எண் மினி பஸ்ஸில், கைப்பிடியில் தொங்கியபடி, பல் மருத்துவரிடம் வாங்கியிருந்த நேரம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் ரியூ ஹாரனில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளி நிறக் கார். முப்பது கிலோமீட்டர் வேகம். முப்பத்தொன்று இல்லை, இருபத்தொன்பது இல்லை. தொடக்கப்பள்ளி வாசலில் முப்பதுதான் சட்டம். அங்கே கேமராவும் இருக்கிறது. அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளி முடிந்து, சாலையில் ஐம்பது என்று பெரிதாக எழுதிய இடமும் வந்துவிட்டது. கார் அசையவில்லை, அதாவது, அதன் முப்பது அசையவில்லை. சாலை நடுவே வரிசையாகக் கம்பம் நட்டிருப்பதால் முந்தவும் வழியில்லை.

“பெரியவரே, பள்ளிக்கூடம் முடிஞ்சுபோச்சு! இனிமே அம்பதுல போலாம். போய்த் தொலைங்களேன்!” என்று ரியூ கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்.

காரின் அபாய விளக்குகள் இரண்டு முறை மினுக்கின. எங்கள் ஊரில் அதற்கு நன்றி என்றும் பொருள், மன்னிக்கவும் என்றும் பொருள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கார் முப்பதிலேயே போனது.

“பாத்தீங்களா, கண்ணடிக்கிறாரு” என்றார் ரியூ.

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதியே தீர வேண்டும் என்று பல்வலியோடு முடிவு செய்தேன். எரிச்சலில் எடுக்கிற முடிவு எதுவும் உருப்படுவதில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“கூ மான்-சிக் தன் வாழ்நாளில் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. ரயில்வேயில் அவர்—”

வேண்டாம். ரயில்வே என்று எழுதியவுடனேயே ஆள் சீருடை போட்டு, கையில் பச்சைக்கொடி பிடித்து நின்றுவிட்டார். விதியை மதிக்கிறவருக்கு ரயில்வே வேலை கொடுப்பது என் சோம்பேறித்தனம். (உண்மையில் அவர் வீடுகளில் சுவர்க்காகிதம் ஒட்டுகிற வேலை பார்த்தவர். அதுவும் அந்தக் கார்க்காரரின் பெயரும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. பெயரை மட்டும் இங்கே முன்கூட்டியே போட்டுக்கொண்டேன்.)

இரண்டாவது:

“நகரங்கள் மனிதர்களை வேகப்படுத்துகின்றன. ஆனால் வேகம் என்பது என்ன? அது ஒரு—”

இது கட்டுரை. யாராவது இதைப் பஸ்ஸில் படித்தால் இறங்கும் இடத்தைத் தவறவிடுவார்கள், தூங்கிப்போய்.

மூன்றாவது:

“அந்தக் காருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.”

நேர்மையான வரிதான். ஆனால் தெரியாது என்று ஆரம்பிக்கிறவனிடம் மிச்சத்தை யார் கேட்பார்கள்? அழித்தேன். பிறகு மூன்று நாள் ஒன்றும் எழுதவில்லை.

வியாழக்கிழமை வந்தது. எங்கள் அடுக்ககத்தில் குப்பை பிரித்துப் போடும் நாள். அட்டை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், தண்ணீர்ப் புட்டிகளின் மேல்தாளை உரித்துவிட்டுத் தனியாக ஒரு பக்கம்.* எனக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் கூ தா-ஹே புட்டிகளை உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரித்ததைப் பார்த்தால் யாருடைய தோலையோ உரிப்பதுபோல் இருந்தது.

* இந்த ஊரில் அக்கம்பக்கத்தார் மனம்விட்டுப் பேசுவது இங்கே மட்டும்தான். லிஃப்டில் எல்லோரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

“என்ன, கையில அகப்பட்டது புட்டிதானே? இல்ல வேற யாராவதா?” என்றேன்.

“எங்கப்பா” என்றார் தா-ஹே. “அடுத்த வளாகத்துலதான் தனியா இருக்காரு. ஊர்ல ஒரு மனுஷன் பாக்கியில்ல, எல்லாரும் எங்கிட்ட வந்து உங்கப்பா கார்னால லேட்டு, உங்கப்பா கார்னால லேட்டுன்னு.”

“வெள்ளிக் காரா?”

தா-ஹே புட்டியைக் கீழே வைத்தார். “நீங்களும் அந்த பஸ்லயா இருந்தீங்க?”

கதை கிடைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் குதித்ததை இங்கே பதிவு செய்கிறேன். கதை கிடைப்பதும் அடுத்தவர் வீட்டுத் தலைவலி கிடைப்பதும் ஒரே விஷயம் என்பதை இன்னொரு புட்டிக்குள் மூடி வைக்கிறேன்.

3

இனி கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மான்-சிக்குக்கு எழுபத்துநான்கு. அடுத்த ஆண்டு லைசென்ஸ் புதுப்பிக்க ஞாபகப் பரிசோதனை, அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை என்று அலைய வேண்டும். அதற்கு முன்னாலேயே தானாக வார்டு அலுவலகத்தில் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டால் பஸ்ஸில் பயன்படுத்த ஓர் அட்டை தருவார்கள். தா-ஹே கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், மகன் மூன்றாம் வகுப்பு, கணவர் வெளியூரில். அப்பா லைசென்ஸை ஒப்படைத்தால் தன் கவலைகளில் ஒன்றாவது குறையும் என்பது அவர் கணக்கு.

மான்-சிக்குக்கு அந்த லைசென்ஸ் என்றால் செவ்வாய்க்கிழமை. பக்கத்துப் பொதுக் குளியல் கூடத்தை மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஊரின் மறுகோடியில். அவரும் மூன்று நண்பர்களும் செவ்வாய்தோறும் அங்கே போய் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கி, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டு, சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நால்வரில் இன்னும் கார் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற மூவரும் அவரை “டிரைவர் ஐயா” என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். கேலி செய்துகொண்டே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். லைசென்ஸ் போனால் நான்கு முதுகுகள் போயின.

அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது இப்படி:

“அப்பா, லைசென்ஸக் குடுத்துடுங்க.”

“எதுக்கு?”

“வயசாச்சுப்பா.”

“உனக்குந்தான் ஆச்சு. போன வருஷம் அந்தப் பள்ளிக்கூட வாசல் கேமராவுல மாட்டினது யாரு? நானா, நீயா?”

“நான் ஏதோ அவசரத்துல—”

“மூணு தடவ அவசரம்.”

“நான் முப்பத்தெட்டுல போனேன், சரி. நீங்க ஊர்வலம் போறீங்களே!”

“ஊர்வலம் போறவன எந்தக் கேமராவும் படம் புடிக்காது. எனக்கு ஒரு அபராதம் வந்திருக்கா? காட்டு பாப்பம்.”

“உங்களையா படம் புடிக்கும்? கார் தானா ஓடுது, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க!”

இங்கேதான் விஷயம் வருகிறது. மான்-சிக் நகரத்துக்குள் குரூஸ் கன்ட்ரோல் போட்டு ஓட்டுகிறார். நெடுஞ்சாலையில், மணிக்கணக்கில் நேராகப் போகிறவர்களுக்காக வைத்த வசதி அது. பொத்தானை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துவிடலாம். பிரேக்கை மிதிக்கும்வரை கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அவருடையது பழைய கார். முன்னால் இருப்பதைப் பார்த்துத் தானாக நிற்கிற புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது. முப்பதுக்குக் கீழே அந்தப் பொத்தான் வேலையும் செய்யாது.

அதாவது, பள்ளி வாசலில் சட்டம் இதற்கு மேலே போகாதே என்கிறது. பொத்தான் இதற்குக் கீழே போக மாட்டேன் என்கிறது. இரண்டும் முப்பதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. கேமராவைக் கண்டால் பிரேக்கை மிதிப்பதும் தாண்டியதும் கங்காருபோல் பாய்வதுமாக இந்த ஊரே ஓட்டிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் முட்டும் இடத்திலேயே குடியிருந்தார்.

[பாத்திரத்தின்மேல் எனக்கு முதல் சந்தேகம் இங்கே. விதியை மதிக்கிறவர் என்றால் ஐம்பது போட்ட இடத்தில் ஐம்பதில் போகலாமே? விதியில் அதற்குத் தடையில்லையே? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை. பாத்திரம் பிடிவாதம் பிடித்தால் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்கு ரியூவின் ஹாரன் தேவைப்பட்டது.]

தா-ஹேயிடமே கேட்டேன்.

“நானும் கேட்டேனே. எல்லா எடத்துலயும் ஒரே வேகம்னா தப்பே வராதும்மாங்கறாரு. அது பெரிசில்ல. சிக்னல்ல பச்சை விழுந்ததும் பாக்கணும் நீங்க. தவள மாதிரி ஒரு தாவு. கழுத்து பின்னால போயிட்டு வரும். முப்பது வந்ததும் பொத்தான அமுக்குவாரு. அப்புறம் எண்ணெயில வழுக்குற மாதிரி போகும். பொறுமையே கெடையாது அவருக்கு.”

“பொறுமை இல்லாதவரா முப்பதுல போறார்?”

“அதத்தானே நானும் சொல்றேன்!” என்று ஒரு புட்டியை நசுக்கினார்.

4

அடுத்த வியாழக்கிழமை தா-ஹே குப்பை போட வந்தபோது கையில் புட்டி எதுவும் இல்லை. ஒடிந்த கம்பு ஒன்று இருந்தது. நுனியில் மஞ்சள் துணி. அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் நின்றார். பிளாஸ்டிக்கா, துணியா?

இரண்டு நாளுக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி வாசலில் கொடி பிடிக்கும் முறை அவருடையது. மூன்றாம் வகுப்புத் தாய்மார்கள் முறைவைத்து நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவார்கள். கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, பச்சைச் சட்டை மாட்டி, மஞ்சள் கொடியோடு நின்றிருந்தார். எதிர்ப்புறத்தில் இன்னொரு தாய். வாசலில் சிக்னல் இல்லை. கொடிக்கம்பைக் குறுக்கே நீட்டி இறக்கினால் வண்டிகள் நிற்க வேண்டும். கொடி இல்லாவிட்டாலும், யாருமே கடக்காவிட்டாலும், அந்தக் கோட்டில் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இங்கே சட்டம்.

வெள்ளிக் கார் வந்தது. முன்னிருக்கையில் நண்பர் பே, மடியில் குளியல் சாமான் கூடையோடு.

தா-ஹே கொடியை இறக்கினார். அப்பா தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். அப்பா சிரித்துக் கை அசைத்தார். தா-ஹேயும் பாதி சிரித்துவிட்டார். அதற்குள்—

இந்த இடத்தில் நான் ஒரு குழந்தையை வைத்தேன்.

சிவப்புப் புத்தகப் பை, கையில் பள்ளிக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு வைத்த சின்னப் பை. அவன் ஒரு காலைச் சாலையில் வைக்கிறான் என்று எழுதினேன். எடுத்துவிட்டேன். நான் எழுதும் வாரப் பத்திரிகைக்கு இந்த இடத்தில் ஓர் உலுக்கல் வேண்டுமே என்று மறுபடி வைத்தேன். செருப்புப் பையை மட்டும் கார் நசுக்கிவிட்டுப் போவதாக மாற்றினேன். அதையும் எடுத்தேன். ஒரு பையனை இப்படிச் சாலைக்கும் நடைபாதைக்கும் இழுத்தடித்ததில் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்து, அன்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நடந்தது இதுதான். பிள்ளைகள் எல்லோரும் நடைபாதையில்தான் இருந்தார்கள். தா-ஹேயின் இடது கை அவர்களுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. கார் வேகம் குறையாமல், கூடாமல், அதே முப்பதில் கோட்டைத் தாண்டியது. பக்கக் கண்ணாடி கொடிக்கம்பில் மோதி, கம்பு ஒடிந்து பறந்தது. அவ்வளவுதான். குழந்தை வேண்டாம். அந்த இடது கை போதும்.

கொஞ்ச தூரம் போய்க் கார் கிறீச்சென்று குலுங்கி நின்றது. பின்னால் பிள்ளைகளை இறக்க வந்த பெற்றோர்களின் ஹாரன்கள். காரின் அபாய விளக்குகள் இரண்டு முறை மினுக்கின.

5

தா-ஹே ஒடிந்து விழுந்த கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். எதிர்ப்புறத்துத் தாய் கடக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டார்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சுதே. நீ நின்ன. கைகூட ஆட்டினேன்.”

“கொடிய எறக்கினா நிக்கணும்ப்பா! நிக்கணும்!”

“முப்பதுலதாம்மா வந்தேன்.”

“முப்பதுல வந்தா பிள்ளைங்கமேல ஏத்தலாம்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?”

“நான் யார்மேல ஏத்தினேன்? கேமரா படம் புடிச்சுதா, கேளு.”

“கேமரா, கேமரா, கேமரா! நான் நிக்கறேன் அங்க. நான் கேமராவா?”

பே தொண்டையைக் கனைத்தார். “தா-ஹே, ரோட்டுல வச்சுக் கத்தாதம்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பே மாமா, நீங்க பேசாதீங்க. பக்கத்துல உக்காந்துகிட்டு நீங்க என்ன பண்ணீங்க?”

“நானா? கை பிரேக்க இழுத்தேன். இல்லாட்டி உங்கப்பன் நேரா குளியல் கூடத்துலதான் போய் நின்னிருப்பான். நான் பேசல, போ. இன்னிக்குக் குளியல் உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க. மத்த ரெண்டு பேரும் மார்க்கெட் வாசல்ல குளிர்ல நிக்கறாங்க.”

மான்-சிக் முன்கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பக்கம் திரும்பவில்லை.

“அப்பா, இன்னிக்கு மத்தியானமே வார்டு ஆபீஸ் போறோம்.”

“போகமாட்டேன்.”

“போறோம்.”

“ஒரு அபராதம் காட்டு, போறேன்.”

6

முடிவுகள்.

அ) மான்-சிக் லைசென்ஸை ஒப்படைக்கிறார். அடுத்த செவ்வாய் நால்வரும் ஆறாம் எண் பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஓட்டுநர் ரியூ அவர் யாரென்று தெரியாமல், “ஒரு வெள்ளிக் கார் பெரியவர் இருந்தாரு, இப்பக் காணோம், நிம்மதி” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பத்திரிகைக்குப் பொருத்தமான முடிவு. எழுதி முடித்துப் படித்தபோது அளவுக்கு மேல் சர்க்கரை போட்ட காப்பி மாதிரி இருந்தது.

ஆ) அவர் ஒப்படைக்கவில்லை. இன்னொரு காலை, அதே கோடு, அதே முப்பது. எதிரே ஒரு சிவப்புப் பை... இல்லை. அந்தப் பையனை மறுபடி கூப்பிட மாட்டேன் என்று முடிவு செய்தாகிவிட்டது. பிள்ளையைக் காட்டி உங்களை மிரட்டுவது கதையாகாது.

இ) இனி செவ்வாய்தோறும் தா-ஹேயே நான்கு முதியவர்களையும் குளியல் கூடத்துக்கு அழைத்துப்போகிறார். இதை ரொம்ப ரசித்து எழுதினேன். அவரிடமே படித்துக் காட்டினேன்.

“கடையில லீவு நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?” என்றார். “கதையில எல்லாருக்கும் நேரம் இருக்கு. எப்படித்தான் எழுதறீங்களோ!”

[இந்த வரிக்கு நான் வைத்திருந்த பதில் மூன்று முறை திருத்தப்பட்டு, கடைசியில் நீக்கப்பட்டது.]

சரி, எந்த முடிவும் வேண்டாம். மான்-சிக் வார்டு அலுவலகம் போனாரா, போகவில்லையா, அந்தச் செவ்வாய் மார்க்கெட் வாசலில் நின்ற இரண்டு பேரும் குளித்தார்களா என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி விட்டுவிட்டு ஓடுவது எனக்குப் பழக்கமில்லை. வாராவாரம் எழுதிப் பிழைக்கிறவன் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை முடித்துக் காட்டவேண்டும். ஆனால் இந்த மூன்றையும் நான் எழுதியது ஒரு விஷயம் தெரியாமல். தெரிந்தபிறகு மூன்றும் செல்லாது. முப்பது, கேமரா, தவளைத் தாவல் என்று நான் இதுவரை எரிச்சலோடு எழுதியதில் பாதியும் செல்லாது. திருத்தி எழுதலாம். எழுதவில்லை. நான் எவ்வளவு தூரம் வழி தவறிப்போனேன் என்பதை நீங்களும் கூடவே வந்து பார்த்தீர்கள். அதை மறைப்பதில் நியாயமில்லை.

தா-ஹே இதைக் கடைசியாகத்தான் சொன்னார். படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள், எங்கப்பா இதெல்லாம் படிக்கமாட்டார் என்றார்.

சண்டை முற்றியபோது பே காரிலிருந்து இறங்கிவிட்டார். தா-ஹேயின் கையிலிருந்த ஒடிந்த கொடியை வாங்கிக்கொண்டு, பின்னால் முட்டி நின்ற வண்டிகளுக்கு ஆட்டி ஆட்டி வழிவிட்டார். கூடையை நடைபாதையில் வைத்துவிட்டு ரொம்ப சிரத்தையாகச் செய்தாராம். தா-ஹே அவர் எழுந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வெளியே ஹாரன்கள் சன்னமாயின. அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, கார்தான் நின்றிருந்ததே.

“நான் கத்தல. கோவமும் படல” என்றார் தா-ஹே. “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னப் பாத்தீங்க. கொடியப் பாத்தீங்க. அப்புறம் ஏன்ப்பா பிரேக்க மிதிக்கல?”

“மிதிச்சேன்னுதாம்மா நெனச்சேன்” என்றார் மான்-சிக். “இப்பல்லாம் குனிஞ்சு பாத்தாத்தான் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியுது.”